காசு ஒரு பொருட்டே இல்லை என்றால் எங்கே போவது? கனவுப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில், அலுவலகத்தில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே பயணப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. "செலவைப் பற்றிக் கவலையில்லை, எங்கே போவாய்?" அதையொட்டி வரும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கட்டணங்களும் விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால் முன்பதிவுக்கு முன்னால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காசு பிரச்சினை இல்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாமே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. காசு என்ற தடை விலகியதும், அதுவரை கண்ணில் படாத மற்ற தடைகள் தெரிய ஆரம்பிக்கும். பருவம், விடுமுறை நாட்கள், முழங்கால், இரத்த அழுத்தம், ஒரு நாட்டின் சட்டம், சில இடங்களில் குலுக்கல். உலகின் மிக நல்ல இடங்கள் பலவற்றில் "ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான்" என்று ஒரு வரம்பு இருக்கிறது. எத்தனை கோடி வைத்திருந்தாலும் அந்த வரம்பு நகராது.

அதனால் என் யோசனை இது: செலவைப் பற்றிக் கவலை இல்லாத அந்த ஒரு பயணத்தை, இப்படி வரம்பு போட்டுக் காப்பாற்றப்படும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நகரங்களின் ஐந்து நட்சத்திர விடுதிகள் எங்கேயும் ஓடிப்போகாது. தள்ளுபடி வரும்போது அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு இடம் சொல்லுங்கள் என்றால்?

அண்டார்டிகா. எனக்கு இதில் தயக்கமே இல்லை.

சொந்தக் குடிமக்கள் என்று யாருமே இல்லாத கண்டம் அது. 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிகா உடன்படிக்கை 1961இல் நடைமுறைக்கு வந்தது. இராணுவ நடவடிக்கை கூடாது, அணுகுண்டுச் சோதனை கூடாது, அறிவியலுக்கும் அமைதிக்கும் மட்டுமே அந்த நிலம் என்றது அந்த உடன்படிக்கை. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தியா 1983இல் அதில் சேர்ந்தது. 1991இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான இன்னொரு ஒப்பந்தம் அங்கே கனிமம் தோண்டுவதையும் தடை செய்துவிட்டது. மனிதர்கள் ஒன்றுகூடி ஒரு முழுக் கண்டத்தையும் தொடாமல் விட்டுவைக்க முடிவெடுத்த இடம் வேறு எங்கும் இல்லை. அதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு எனக்கு இந்தக் காரணமே போதும்; பென்குயின் எல்லாம் அதற்கு மேல்.

சென்னையிலிருந்து அண்டார்டிகாவுக்கு எப்படிப் போவது?

பெரும்பாலான பயணங்கள் அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவையா என்ற ஊரிலிருந்து கிளம்புகின்றன. சென்னையிலிருந்து வளைகுடா நாடுகள் அல்லது ஐரோப்பா வழியாக புவனோஸ் ஐரிஸ் போய், அங்கிருந்து இன்னொரு விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். அதன் பிறகு கப்பல். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகத் தீபகற்பத்துக்கும் நடுவே இருக்கும் டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். உலகைச் சுற்றி ஓடும் தென்கடல் நீரோட்டத்தை அந்த அட்சரேகையில் மறிக்க நிலமே கிடையாது. அதனால்தான் அங்கே அலை அப்படி. அமைதியாக இருந்தால் "டிரேக் ஏரி" என்றும், ஆட்டிவைத்தால் "டிரேக் ஆட்டம்" என்றும் கப்பல்காரர்கள் சொல்வார்கள். வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் ஆரம்பித்த பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது.

காசு கவலை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சிலி நாட்டின் புந்தா அரேனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு இரண்டு மணி நேர விமானம். அங்கே காத்திருக்கும் கப்பலில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் மேகம் இறங்கிவிட்டால் விமானம் நாள்கணக்கில் நிற்கும். என்னைக் கேட்டால், ஒரு பக்கமாவது கடல்வழியே போக வேண்டும். இரண்டு நாள் வெறும் நீரையும் ஆல்பட்ராஸ் பறவைகளையும் மட்டுமே பார்த்த பிறகு முதல் பனிமலை தெரியும்போதுதான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது உடம்புக்குப் புரியும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து நேராகக் கண்டத்தின் உட்பகுதிக்கே தனியார் ஜெட்டில் போய், பனிமேல் அமைத்த முகாமில் தங்கும் பயணங்களும் உண்டு. ஒரு ஆளுக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். பேரரசப் பென்குயின்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது ஒரு வழி. ஏனென்றால் சாதாரணக் கப்பல் பயணத்தில் அவை அபூர்வமாகத்தான் கண்ணில் படும்.

கப்பலில் போனால் கரையில் இறங்க விடுவார்களா?

கப்பலின் அளவைப் பொறுத்தது. முன்பதிவு செய்யும்போது பலர் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பலிலிருந்து யாரும் கரையிறங்க முடியாது. தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சிறிய கப்பல்களிலும் ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இருக்கக்கூடாது. 200 பேர் கொண்ட கப்பல் என்றால் பாதிப் பேர் கரையில், மீதிப் பேர் ரப்பர் படகில் அல்லது கப்பலில். அதனால் 100 பேருக்கும் குறைவாக ஏற்றும் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். விலை கூடும். ஆனால் காசு செலவழித்தால் உண்மையிலேயே பலன் கிடைக்கும் இடம் இது. மேல்தளத்து பெரிய அறையைவிட, கரையில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மதிப்பு வாய்ந்தது.

இறங்குவதற்கு முன்னால் சட்டைப் பையையும் காலணி மடிப்பையும் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யச் சொல்வார்கள். காலணியைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும். கிங் ஜார்ஜ் தீவில் மனிதர்களோடு ஒட்டி வந்த ஒரு சாதாரண புல்வகை வேரூன்றி, அதைக் களைய ஆராய்ச்சியாளர்கள் பாடுபட வேண்டியிருந்தது. ஒரு விதை போதும். கரையில் சாப்பிடக்கூடாது, கல் ஒன்றைக்கூட எடுத்து வரக்கூடாது, பென்குயினுக்கு ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பறவைக் காய்ச்சல் அந்தப் பக்கம் பரவத் தொடங்கிய பிறகு தரையில் உட்காரவும் படுக்கவும்கூட விடுவதில்லை. இதையெல்லாம் கெடுபிடி என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஐந்து மீட்டர் தள்ளி நின்றாலும், பென்குயின் தானாகவே உங்கள் காலடிக்கு நடந்து வந்து எட்டிப் பார்க்கும். மனிதனைக் கண்டு பயப்படத் தெரியாத உயிர்கள் இன்னும் இருப்பதே இந்தக் கட்டுப்பாடுகளால்தான்.

எந்த மாதம் போனால் நல்லது?

நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் பருவம். நவம்பரில் பனி புதிதாக, கால்படாமல் இருக்கும். பென்குயின்கள் கூடு கட்டக் கூழாங்கல் பொறுக்கும், பக்கத்துக் கூட்டிலிருந்து திருடவும் செய்யும். டிசம்பர் கடைசியில் குஞ்சு பொரிக்க ஆரம்பிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலங்கள் அதிகம். தீபகற்பத்தில் கோடை வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். லடாக்கில் குளிர்காலத்தைத் தாங்கியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

நாட்கள் கூடுதலாக இருந்தால் தென் அட்லாண்டிக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கடற்கரையில் இலட்சக்கணக்கான அரசப் பென்குயின்கள் நிற்கும். துருவப் பயணி ஷாக்கிள்டனின் கல்லறை அங்கே கிரிட்விக்கன் என்ற பழைய திமிங்கில வேட்டைத் துறையில் இருக்கிறது. 1915இல் பனியில் நொறுங்கி மூழ்கிய அவருடைய எண்டியூரன்ஸ் கப்பலை 2022 மார்ச்சில்தான் வெட்டல் கடலில் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதையைப் படித்துவிட்டுப் போனால் தீவு வேறு மாதிரித் தெரியும்.

அங்கே இந்தியாவின் மைத்ரி, பாரதி நிலையங்களைப் பார்க்க முடியுமா?

இந்தப் பயணங்களில் முடியாது. சுற்றுலாக் கப்பல்கள் போவது தென் அமெரிக்காவை நோக்கி நீண்டிருக்கும் தீபகற்பத்துக்கு. நம் நிலையங்கள் கண்டத்தின் கிழக்குப் பகுதியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அதற்குப் பதிலாக, தீபகற்பத்தில் போர்ட் லாக்ராய் என்ற பிரிட்டிஷ் நிலையம் உண்டு. 1944இல் போர்க்காலத்தில் அமைத்தது. இன்று அருங்காட்சியகமும் தபால் நிலையமுமாக இருக்கிறது. அங்கிருந்து ஊருக்கு ஒரு அஞ்சலட்டை போடலாம். வந்து சேர வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். அந்தக் குட்டித் தீவின் ஒரு பாதியில் மனிதர்கள் கால் வைக்கக்கூடாது, அது பென்குயின்களுக்கு.

சரி, எவ்வளவு ஆகும்?

பத்துப் பன்னிரண்டு நாள் தீபகற்பப் பயணத்துக்குப் பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒருவருக்குச் சுமார் 6,000 முதல் 8,000 டாலரில் தொடங்கும். சிறிய கப்பல், நல்ல அறை என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. தெற்கு ஜார்ஜியா சேர்ந்தால் இன்னும் கூடும். விமானச் செலவு தனி. அவசர மருத்துவ மீட்புக்கான காப்பீடு இல்லாமல் ஏற்ற மாட்டார்கள், அதில் சிக்கனம் பார்க்கவும் கூடாது. அருகிலுள்ள நல்ல மருத்துவமனை ஒரு கடலுக்கு அப்பால் இருக்கிறது.

விலங்குகள் பார்க்க ஆசை. கென்யா சஃபாரிதான் சிறந்ததா?

மசாய் மாரா அருமைதான். ஆனால் செலவைப் பற்றிக் கவலை இல்லை என்றால் நான் ருவாண்டாவுக்கு அனுப்புவேன், மலைக் கொரில்லாக்களைப் பார்க்க.

சிங்கத்தை, யானையை, புலியைக்கூட மிருகக்காட்சிசாலையில் பார்த்துவிடலாம். மலைக் கொரில்லா உலகின் எந்த மிருகக்காட்சிசாலையிலும் கிடையாது. ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைக் காடுகளிலும், உகாண்டாவின் புவிண்டிக் காட்டிலும் அதை ஒட்டிய பகுதியிலும் மட்டுமே அது வாழ்கிறது. 2018இல் வெளியான கணக்கெடுப்பை ஒட்டி மொத்தம் ஆயிரத்தைத் தாண்டியது தெரியவந்தது. அந்த ஆண்டு நவம்பரில் "மிக அருகிய இனம்" என்ற பட்டியலிலிருந்து ஒரு படி கீழே, "அருகிய இனம்" என்ற பட்டியலுக்கு மாற்றினார்கள். பெரிய குரங்கினங்களில் எண்ணிக்கை கூடிக்கொண்டு வருவது இது ஒன்றுதான்.

ருவாண்டாவில் அனுமதிச்சீட்டு ஒருவருக்கு 1,500 டாலர். 2017இல் 750லிருந்து ஒரே அடியாக இரட்டிப்பாக்கினார்கள். அதற்குக் கிடைப்பது கொரில்லாக் குடும்பத்தோடு ஒரு மணி நேரம். ஒரு குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரே ஒரு தடவை. காலை ஏழு மணிக்குக் கூடி, குழு பிரித்து, மலையேற வேண்டும். அரை மணியிலும் கண்டுபிடிக்கலாம், நாலு மணி நேரமும் ஆகலாம். அவை இரவில் எங்கே தூங்கின என்பதைப் பொறுத்தது. காஞ்சொறிச் செடி நிறைய இருக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்வார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு 1,500 டாலரா என்று கேட்பவர்களுக்கு: பூங்கா வருமானத்தில் பத்து சதவீதம் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகிறது. பள்ளிக்கூடம், மருந்தகம், தண்ணீர் என்று அது கண்ணெதிரே தெரிகிறது. மூட்டை தூக்க வரும் ஆட்களில் முன்பு அதே காட்டில் வேட்டையாடியவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு மூட்டையே இல்லாவிட்டாலும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் சரிவில் கை கொடுப்பதும் அவர்தான். கொரில்லா உயிரோடு இருப்பதால் ஊருக்கு வருமானம் என்ற நிலையைக் கொண்டுவர பல ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். டயான் ஃபாஸி 1967இல் அங்கே ஆராய்ச்சி முகாம் அமைத்தபோது நிலைமை இப்படி இருக்கவில்லை.

உகாண்டாவில் அனுமதிச்சீட்டு இதைவிடக் கணிசமாகக் குறைவு. ஆனால் காடு இன்னும் அடர்த்தி, ஏற்றமும் அதிகம்.

சளி, காய்ச்சல் இருந்தால் கொரில்லா பார்க்க விடமாட்டார்களாமே?

ஆமாம், விடமாட்டார்கள். நம் உடம்பும் அதன் உடம்பும் மிக நெருக்கம் என்பதால் நமக்குச் சாதாரணமாக வந்து போகும் சளி, ஒரு கொரில்லாக் குடும்பத்தையே கொன்றுவிடலாம். முகக்கவசம் கட்டாயம். 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. இருமலை மறைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் உறுதியாக "கூடாது". அதற்காகவே ஓரிரு நாள் கூடுதலாக வைத்துத் திட்டமிடுங்கள்.

தடுப்பூசி விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சான்று இல்லாமல் அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள். 60 வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு.

பணம் இருந்தும் கிடைக்காத பயணம் என்று ஏதாவது உண்டா?

இரண்டு சொல்கிறேன்.

ஜப்பானின் கியூஷு தீவில் 2013 அக்டோபரில் ஓடத் தொடங்கிய "ஏழு விண்மீன்கள்" சொகுசு ரயில். மிகச் சில அறைகள்தான். விண்ணப்பித்தவர்களிடையே குலுக்கல் நடத்தி இடம் தருகிறார்கள்.

இரண்டாவது, நமக்கு நெருக்கமானது: கயிலாயமும் மானசரோவரும். வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரை ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025இல் மறுபடி தொடங்கியது. அந்த ஆண்டு லிபுலேக் கணவாய் வழியாக 5 குழு, நாதுலா வழியாக 10 குழு, குழுவுக்கு 50 பேர் என்று அறிவித்தார்கள். ஆக மொத்தம் 750 பேர். கணினிக் குலுக்கலில்தான் தேர்வு. 18 வயதுக்குக் குறையக்கூடாது, 70ஐத் தாண்டக்கூடாது. உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு 25க்குள் இருக்க வேண்டும். டெல்லியில் மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை என்றால் அங்கிருந்தே திரும்ப வேண்டியதுதான்.

மலையின் உயரம் 6,638 மீட்டர். யாரும் ஏறியதில்லை, ஏறவும் அனுமதி இல்லை. சுற்றி வரும் பாதை சுமார் 52 கிலோமீட்டர். அதில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். அப்பர் கயிலை காண நடந்து, நடக்க முடியாமல் தவழ்ந்து, பிறகு உருண்டு, கடைசியில் குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெயருக்கு நம் வீடுகளில் இருக்கும் எடை வேறு எந்தச் சுற்றுலாத் தலத்துக்கும் வராது. காத்மாண்டு வழியாகத் தனியார் ஏற்பாட்டிலும் போகலாம், குலுக்கல் கிடையாது. ஆனால் அவசர அவசரமாக உயரத்துக்கு ஏற்றிவிடும் திட்டங்களைத் தவிருங்கள். உயரம் உடம்புக்குப் பழக நாள் கொடுக்கும் திட்டமா என்று மட்டும் பாருங்கள், விடுதி எப்படி இருந்தால் என்ன.

தேனிலவுக்கு மாலத்தீவு போதாதா?

தாராளமாகப் போதும். பக்கத்தில் இருக்கிறது, வந்திறங்கியதும் விசா இலவசம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: தூரத் தீவுகளுக்குக் கொண்டுபோகும் கடல்விமானங்கள் பகலில்தான் பறக்கும். மாலைக்கு மேல் மாலேயில் இறங்கினால் ஒரு இரவு அங்கேயே போய்விடும். ஜூன் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் பா பவளத்தீவுத் தொகுதியின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். மழைக்காலம் என்று எல்லோரும் தவிர்க்கும் மாதங்கள் அவை. நான் அப்போதுதான் போகச் சொல்வேன்.

குழந்தைகளோடு போக வேண்டும். எது?

கலாபகஸ் தீவுகள். ஈக்குவடாரிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் கடலில். 1835இல் டார்வின் ஐந்து வாரம் இருந்த இடம். யுனெஸ்கோ 1978இல் உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது முதலில் இடம்பெற்றவற்றில் ஒன்று.

பாடப் புத்தகத்தில் பரிணாமம் என்று ஒரு பக்கத்தில் முடிந்துபோவது அங்கே கண்ணெதிரே நடமாடும். கடலுக்குள் மூழ்கிப் பாசி மேயும் உடும்பு இனம், பறக்க மறந்த நீர்க்காகம், நிலநடுக்கோட்டில் வாழும் பென்குயின், நூறு வருடத்துக்கு மேல் வாழும் ஆமை. நீலக்கால் பறவை கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக் காலைத் தூக்கித் தூக்கி ஆடுவதைப் பார்த்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. எந்தப் படகு எந்த நாள் எந்தத் தீவில் நிற்கலாம் என்பதைப் பூங்கா நிர்வாகமே தீர்மானிக்கிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பெரும்பாலான இடங்களில் கால் வைக்க முடியாது. வெளிநாட்டினருக்கான நுழைவுக் கட்டணத்தை 2024 ஆகஸ்டில் 100லிருந்து 200 டாலராக உயர்த்தினார்கள். 16 பேர் அளவிலான சிறிய படகில், இசபெலா, ஃபெர்னாண்டினா தீவுகளைத் தொடும் மேற்குச் சுற்றைக் கேளுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை கடல் குளிர்ந்து, உயிர்கள் செழித்திருக்கும். மற்ற மாதங்களில் கடல் அமைதி, நீச்சலுக்குச் சுகம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டாவதே நல்லது.

ஃப்ளோரியானா தீவில் திமிங்கில வேட்டைக்காரர்கள் காலத்திலிருந்து ஒரு தபால் பீப்பாய் இருக்கிறது. தபால்தலை வேண்டாம். நம் அட்டையைப் போட்டுவிட்டு, நம் ஊர்ப்பக்க முகவரி உள்ள அட்டை இருந்தால் எடுத்துவந்து நேரில் சேர்க்க வேண்டும்.

அப்பா அம்மாவுக்கு வயது 70ஐத் தாண்டிவிட்டது. அதிகம் நடக்க முடியாது.

நார்வே கடலோரக் கப்பல். 1893இல் தபாலும் சரக்கும் ஆட்களும் ஏற்றி ஓடத் தொடங்கிய வழித்தடம் அது. பெர்கனில் கிளம்பி வடகோடியில் கிர்க்கெனஸ் வரை போய்த் திரும்ப 12 நாள். வழியில் 34 துறைமுகங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே மலையும் கடற்கழியும் நகர்ந்துகொண்டிருக்கும். தினமும் பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலை இல்லை. குளிர்காலத்தில் போனால் வடக்கு வானத்தில் துருவ ஒளி. இரவில் அறையிலேயே எழுப்பிச் சொல்வார்கள். வழுக்கும் பனித் தரைக்கு முள் வைத்த அடிப்பட்டை வாங்கிக் காலணியில் மாட்டிவிடுங்கள், ஊன்றுகோலைவிட அது முக்கியம்.

அவர்களை மட்டும் தனியே அனுப்பாதீர்கள். கூடப் போங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

துருவக் கப்பல்களில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கிடைக்கும். ஆனால் பாஸ்தாவும் சாலடும் சூப்பும்தான் பெரும்பாலும். ருவாண்டாவில் பீன்ஸ், வாழைக்காய், மரவள்ளி இலை மசியல் என்று நமக்குப் பழகிய பொருட்களே வரும். பூட்டானில் மிளகாயையே காய்கறியாகப் போட்டுப் பாலாடைக்கட்டியோடு சமைக்கும் எமா தத்ஷி தேசிய உணவு. காரம் விரும்பிகளுக்குப் பிடித்துப்போகும்.

பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிலி நாட்டில் செடி, விலங்கு சார்ந்த எந்த உணவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதிவிட்டால் அதிகபட்சம் பொட்டலம்தான் போகும், மறைத்தால் அபராதம்.

பக்கத்திலேயே, சிரமமில்லாமல், ஆனாலும் கனவு போல ஒரு இடம்?

பூட்டான். வெளிநாட்டினர் ஒரு இரவுக்கு 100 டாலர் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் கட்டுகிறார்கள். 2022இல் 200ஆக இருந்ததை 2023 செப்டம்பரில் பாதியாக்கினார்கள். இந்தியர்களுக்கு இரவுக்கு 1,200 ரூபாய்தான், விசாவும் வேண்டாம். இத்தனை சலுகை இருந்தும் நம் ஆட்கள் மூன்று நாளில் பாரோ, திம்பு பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறார்கள். பத்து நாள் வையுங்கள். 3,120 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்சாங் மடாலயம், குளிர்காலத்தில் கருங்கழுத்துக் கொக்குகள் வந்திறங்கும் ஃபோப்ஜிகா பள்ளத்தாக்கு இரண்டையும் அவசரமில்லாமல் பாருங்கள். உலகில் யாரும் ஏறாத மலைகளில் மிக உயரமான கங்கர் புயென்சும், 7,570 மீட்டர், அந்த நாட்டில்தான் இருக்கிறது. மலையுச்சிகள் தெய்வங்களின் இடம் என்பதால் மலையேற்றத்தையே 2003இலிருந்து தடை செய்துவிட்டார்கள்.

விண்வெளி?

2001இல் அமெரிக்கத் தொழிலதிபர் டென்னிஸ் டிட்டோ சொந்தக் காசில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். சுமார் 2 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. பிறகு பத்துப் பதினொரு நிமிடத்தில் விண்வெளியின் எல்லையைத் தொட்டுவிட்டு இறங்கும் பயணங்களும் வந்தன. 2024 மே மாதம் இந்தியரான கோபி தோட்டகுரா அப்படிப் போய் வந்தார். எனக்கு அந்தப் பத்து நிமிடத்தைவிடத் தெற்கு ஜார்ஜியாவில் ஒரு வாரம் மேல்.

இவ்வளவு தூரம் பறந்து போய்ப் புகையைக் கக்குவது சரியா? போகாமல் இருப்பதே அந்த இடங்களுக்கு நல்லதில்லையா?

நியாயமான கேள்வி, எளிதில் தள்ளிவிட முடியாதது. ஒரு அண்டார்டிகா பயணத்தின் கரிம உமிழ்வு மிக அதிகம். அதை எந்தச் சான்றிதழ் வாங்கியும் துடைத்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் ஒரே ஒரு பயணம் என்கிறேன்: வருடா வருடம் நாலு குட்டிப் பயணம் வேண்டாம், பல ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட பயணம்.

அதே சமயம், பயணிகள் போகவில்லை என்றால் ருவாண்டாக் காட்டுக்கு வேறு யார் காசு தருவார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. தெற்கு ஜார்ஜியாவில் கப்பல்களோடு வந்து சேர்ந்த எலிகள் பறவைக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. ஒரு அறக்கட்டளை நன்கொடை திரட்டி, பல ஆண்டுகள் வேலை செய்து, 2018இல் தீவை எலியற்றதாக அறிவித்தது. அங்கே மட்டுமே வாழும் பாடும் குருவி இனம் ஒன்று மறுபடி பெருகியிருக்கிறது. அந்தத் தீவை நேரில் பார்த்து வந்தவர்களும் அதற்குக் கொடுத்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

காலண்டரிலிருந்து. முதலில் அலுவலகத்தில் எத்தனை நாள் சேர்த்து விடுப்பு கிடைக்கும் என்று பாருங்கள். அண்டார்டிகாவுக்குப் போய்வர மூன்று வாரம் வேண்டும், கயிலைக்கும் ஏறக்குறைய அவ்வளவே. அப்புறம் கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகிறதா, அர்ஜென்டினாவுக்குள் இரண்டு முறை நுழைய விசா இடம் தருகிறதா என்று பாருங்கள். கப்பல் கிளம்பும்போது வெளியேறி, திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். நல்ல சிறிய கப்பல்களில் இடம் ஓராண்டுக்கு முன்பே தீர்ந்துவிடும். கொரில்லா அனுமதிச்சீட்டுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள் வேண்டுமென்றால் ஆறேழு மாதம் முன்பே. நடைப்பயிற்சியை மட்டும் இன்றே தொடங்கலாம்; மாடிப்படி இருந்தால் மின்தூக்கியை விட்டுவிடுங்கள்.